ஜெர்மனிக்கு குடும்பத்தோட குடி போறவங்களுக்கு: நம்மூர்ல எங்ககிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

நாங்க சென்னிமலை பக்கம். எங்க ஊட்டுக்காரரு கோயமுத்தூர்ல டூல் டிசைன் வேலைல இருந்தாரு, 2021ல ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கத்துல வேலை கெடச்சு அவரு முன்னாடியே போயிட்டாரு, ஒரு வருசம் கழிச்சு 2022 அக்டோபர்ல நானும் குழந்தைங்க ரெண்டு பேரும் போனோம். அப்ப பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு ஒண்ணரை. இப்ப ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்திருக்கோம். வந்த நாள்ல இருந்து வெடியால காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு ஒறம்பரை (சொந்தக்காரங்க) வந்து திண்ணைல உக்காந்துடறாங்க, கேள்வியெல்லாம் ஒண்ணு தான், ஆளு தான் வேற. பெருந்துறைல ஒரு குடும்பமும் வெள்ளகோவில்ல ஒரு குடும்பமும் இன்னும் ரெண்டு மாசத்துல அந்தப் பக்கமே வர்றாங்க. அவங்களுக்காகவும் இனி வரப்போறவங்களுக்காகவும் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெக்கறேன். நா எழுதறது எல்லாம் ஊட்ல இருக்கற பொம்பளை பாத்தது, ஆபீஸ் விசயம் எங்க ஊட்டுக்காரரைத் தான் கேக்கோணும்.

போய் எறங்குனதும் மொதல் வேலை என்னங்க?

குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள ஊராட்சி ஆபீஸ் மாதிரி ஒரு ஆபீஸ்ல விலாசத்தைப் பதியோணும், இதுக்கு அன்மெல்டுங்னு பேரு. ஊட்டு ஓனர் கையெழுத்துப் போட்டு இவங்க இங்க குடி வந்திருக்காங்கன்னு ஒரு பேப்பர் குடுக்கோணும், அதை வாங்காம போனா திருப்பி அனுப்பிருவாங்க. இந்தப் பதிவு இருந்தா தான் வரி நம்பர், பேங்க், குழந்தைப் பணம், பள்ளிக்கூடம் எல்லாமே நகரும். ஆளுக்கு ஆள் இதைச் சொல்லுவாங்க, ஆனா தபால் பெட்டி விசயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. அங்க எல்லாமே லெட்டர்ல தான் வரும், தபால் பெட்டில உங்க பேரு ஒட்டலீன்னா தபால்காரரு போடாம திருப்பி எடுத்துட்டுப் போயிருவாரு. பதிவுல என்ன பேரு இருக்குதோ அதே பேரு ஒட்டோணும். எங்களுக்கு மொத மாசம் பேங்க் கார்டு ரெண்டு தடவை திரும்பிப் போச்சு, காரணம் பெட்டில எங்க ஊட்டுக்காரரு பேரு மட்டும் தான் இருந்துச்சு.

நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்லியே, அங்க எப்படி எழுதறது?

இது பெரிய தொல்லைங்க, இங்க இருக்கறப்பவே சரி பண்ணிட்டுப் போங்க. நம்ம பாஸ்போர்ட்ல சர்நேம்ங்கற எடத்துல அப்பா பேரைப் போட்டிருப்போம், சில பேருக்கு காலியாவே இருக்கும். அங்க ஆளைக் கூப்பிடறதே அந்தப் பேர்ல தான். அதனால எங்க மாமனாரு பேரு தான் அங்க எங்க ஊட்டுக்காரருக்குப் பேரு, எங்கப்பா பேரு தான் எனக்குப் பேரு, குழந்தைங்களுக்கு அவங்கப்பா பேரு. நாலு பேரு இருக்கற ஊட்ல மூணு குடும்பப் பேரு. நா கல்யாணம் ஆன நாள்ல இருந்து மாமனாரு பேரை வாய்ல சொன்னதில்லைங்க, அங்க டாக்டர் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல நின்னுட்டு எங்க ஊட்டுக்காரரு யாருன்னு கேட்டா அதைச் சத்தமா சொல்லோணும். மொதல் தடவை எனக்கு தொண்டையே அடைச்சுப் போச்சு. எங்க மாமனாருகிட்ட போன்ல சொன்னேன், சொல்லு கண்ணு அது பேரு தானேன்னாரு.

குழந்தை பேரும் அம்மா பேரும் வேற வேறயா இருக்கறதால ஏர்போர்ட்ல தனியா குழந்தையோட போறப்ப பொறப்புச் சான்றிதழ் கைல இருக்கோணும். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா இங்கயே மாத்திக்கோங்க, அங்க போய் மாத்துனா ஒவ்வொரு ஆபீஸ்லயும் திரும்பச் சொல்லோணும்.

கல்யாண சர்டிபிகேட் கட்டாயமா?

கட்டாயம். நம்ம பக்கம் மண்டபத்துல சடங்கு நடத்தற அருமைக்காரரு வெச்சு சீரெல்லாம் செஞ்சு கல்யாணம் பண்ணிருப்போம், ரிஜிஸ்டர் பண்ணாம விட்டிருப்போம். தமிழ்நாட்ல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணமும் ரிஜிஸ்டர் பண்ணோணும், விசாவுக்கும் அது தான் கேப்பாங்க. குழந்தைங்க பொறப்புச் சான்றிதழ்ல குழந்தை பேரு ஏறியிருக்கான்னும் பாத்துக்கோங்க, பேரு இல்லாத சான்றிதழை வெச்சுட்டு சுத்துனவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேரு.

ஊட்டு வாடகை எச்சாமே? சமையலறையே இருக்காதுங்கறாங்க, நெசமா?

நெசம் தான். நெறைய வாடகை ஊட்ல சமையலறைன்னா நாலு சுவரும் தண்ணிக் குழாயும் தான், சிங்க் கூட இருக்காது, முன்னாடி இருந்தவங்க கழட்டிட்டுப் போயிருவாங்க. ஊடு பாக்கறப்பவே கேட்டுக்கோணும். அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச வாடகை வாங்கலாம், அதுவும் கரண்ட் தண்ணி சூடு எல்லாம் சேக்காத வாடகைக்கு. குளிர் வாடகை, சூடு வாடகைன்னு ரெண்டு சொல்லுவாங்க, சூடு வாடகைங்கறது ஹீட்டிங் தண்ணி எல்லாம் சேந்தது. விளம்பரத்துல சின்ன தொகையைப் பாத்து சந்தோசப்பட்டுராதீங்க.

இன்னொண்ணு, குளிரு காலத்துலயும் தினம் ரெண்டு மூணு தடவை ஜன்னலை முழுசா தொறந்து அஞ்சு பத்து நிமிசம் காத்தாட விடோணும். நா மொத வருசம் குழந்தைக்கு சளி புடிச்சுருமேன்னு ஜன்னலைத் தொறக்கவே இல்லை, துணி உள்ளயே காயப் போட்டேன், சமையலும் ஆவியும் சேந்து படுக்கற அறை மூலைல கருப்பா பூஞ்சை புடிச்சுது. ஓனரு வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம ஒரு பேப்பரைக் குடுத்தாரு, அதுல எத்தனை தடவை எத்தனை நிமிசம் ஜன்னல் தொறக்கோணும்னு அச்சடிச்சிருந்துச்சு.

கிரைண்டர் கொண்டு போகலாமா? நெய், கொப்பரை எல்லாம்?

கிரைண்டர் தாராளமா. அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தான், பிளக் மட்டும் வேற. கோயமுத்தூர் டேபிள் டாப் கிரைண்டர் எங்க ஊட்ல மூணு வருசமா ஓடுது. ரவைக்கு பத்து மணிக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும் மட்டும் ஓட்டாதீங்க, கீழ் ஊட்டுக்காரங்களுக்குச் சத்தம் கேக்கும்.

நெய் தான் மனசு கஷ்டம். பால் சாமானும் கறியும் இந்தியால இருந்து ஐரோப்பாவுக்குள்ள பைல கொண்டு போகக்கூடாது, ஊட்ல காச்சுன எருமை நெய்யா இருந்தாலும் ஊத்துக்குளி வெண்ணெயா இருந்தாலும் சரி. பச்சைக் காய், பழம், செடி, கறிவேப்பிலை எல்லாத்துக்கும் சர்டிபிகேட் கேப்பாங்க, அதுல விலக்கு அஞ்சே பழத்துக்கு தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன். ஆனா கொப்பரை வேற கதைங்க. காய்ஞ்ச கொப்பரைல எண்ணெய் இருக்கறதால தானா சூடேறி தீப்புடிக்கற சாமான் லிஸ்ட்ல வெச்சிருக்காங்க, விமானத்துல விட மாட்டாங்க. காங்கயத்துக்காரங்க கொப்பரை கட்டிட்டு வந்து ஏர்போர்ட்ல குப்பைத் தொட்டில போட்டுட்டுப் போனதைக் கண்ணால பாத்தேன். தேங்கா எண்ணெயா ஆட்டி, இறுக்கமா பேக் பண்ணி பெரிய பெட்டில போடுங்க.

மஞ்சள், மசாலாச் செலவு சாமான், கொள்ளு, பச்சப்பயிறு, வறுத்து அரைச்ச பொடி இதுக்கெல்லாம் எங்களுக்கு ஒரு தடவையும் பிரச்சனை வந்ததில்லை.

அரிசிம்பருப்புச் சோறு திங்க முடியுமா அங்க?

முடியும் சாமி, வாரம் ரெண்டு நாள் எங்க ஊட்ல அது தான். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஈழத் தமிழருங்க கடைல கெடைக்குது, வெலை எச்சா தான். அந்தக் கடை எனக்கு வெறும் கடை இல்லைங்க. போன மொத மாசம் நா அங்க நின்னுட்டு எதை எடுக்கறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தப்ப, கல்லால இருந்த அக்கா "வாங்கோ, என்ன வேணும்"னு கேட்டாங்க. எங்கூட்டு அம்மிச்சி (அம்மாவைப் பெத்தவங்க) கூப்பிடற அதே "வாங்கோ". சென்னைல போயி நின்னா கூட என் பேச்சைக் கேட்டு கோயமுத்தூரான்னு கேப்பாங்க, அங்க யாழ்ப்பாணத்து அக்கா வாய்ல எங்கூட்டு வார்த்தை வருது. அங்கயே எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த அக்கா தான் எனக்கு டாக்டர், தமிழ் வகுப்பு, பஸ் பாஸ்னு எல்லாத்துக்கும் வழி சொன்னாங்க. ஹாம் ஊர்ல காமாட்சி அம்மன் கோயிலுக்கும் அவங்க கூட தான் மொதல்ல போனோம், 2002ல கட்டி முடிச்ச கோயிலு, கோபுரம் நம்மூரு கோபுரம் மாதிரியே. தேர் அன்னைக்கு அவ்வளவு கூட்டம், எங்க மாரியம்மன் சாட்டுத் திருவிழா மாதிரி.

மாவு புளிக்கறது தான் குளிருல சிரமம். ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வெச்சுருங்க, வெடியால பொங்கி நிக்கும். மொளகா தாளிக்கறப்ப ஜன்னலைத் தொறந்துக்கோங்க, ஊட்டுக்குள்ள புகை அலாரம் சட்டப்படி இருக்கும், கத்த ஆரம்பிச்சா கட்டடமே எட்டிப் பாக்கும்.

குளிரு தாங்குமா?

எல்லாரும் குளிரைப் பத்தி தான் கேக்கறாங்க. குளிருக்கு துணி இருக்குதுங்க, ஊட்டுக்குள்ள ஹீட்டர் இருக்குது. என்னைப் படுத்துனது இருட்டு.

டிசம்பர்ல காலைல எட்டு மணிக்கு மேல தான் வெளிச்சம் வரும், சாயங்காலம் நாலரைக்கு பொழுது போயிரும். நடுவுல இருக்கற நேரத்துலயும் சூரியன் கண்ணுக்குத் தெரியாம மேகம் மூடிட்டே வாரக்கணக்குல கெடக்கும். நா தோட்டத்துல வளந்தவ. வெடியால வெளிய வந்தா வாசல், மாடு, பக்கத்துச் சாளைல (தோட்டத்து ஊட்ல) இருந்து யாராவது ஒரு சத்தம். பொழுதோட வாசல்ல கட்டல் போட்டு உக்காந்தா ரெண்டு பேரு வருவாங்க. அங்க மொத குளிருகாலத்துல எங்க ஊட்டுக்காரரு இருட்டுல போயி இருட்டுல வருவாரு, பெரியவ பள்ளிக்கூடம் போயிருவா, நானும் கைக்குழந்தையும் மூணாவது மாடில. படி எறங்கி ஏற பயம், வழில யாராவது ஏதாவது கேட்டா பதில் சொல்லத் தெரியாது. சில வாரம் நா பேசுன ஒரே பெரிய மனுசன் எங்க ஊட்டுக்காரரு மட்டும் தான். சமைக்கப் புடிக்கல, தூக்கம் வரல, போன்ல அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சதும் சமையலறைல உக்காந்து அழுவேன். ஜனவரில ஒரு நாள் எங்க ஊட்டுக்காரரே புரிஞ்சுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அவங்க ரத்தம் எடுத்துப் பாத்து வைட்டமின் டி ரொம்ப கம்மின்னு மாத்திரை எழுதுனாங்க, அதோட தினம் பகல் வெளிச்சத்துல அரை மணி நேரம் நடக்கோணும், மழையா இருந்தாலும்னு கண்டிப்பா சொன்னாங்க. ஒரு அம்மாக்கள் குழு விலாசமும் குடுத்தாங்க, வாரம் ஒரு நாள் சின்னக் குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்து உக்காந்து காப்பி குடிப்பாங்க.

அந்தக் குழுவுக்கு மொத நாலு தடவை போனப்ப நா ஒரு வார்த்தை பேசல. ஆனா போனேன். அது தான் என்னைத் தூக்கி விட்டுச்சு. அதனால பெருந்துறை அம்மிணி, வெள்ளகோவில் அம்மிணி, உங்க ரெண்டு பேருக்கும் தான் சொல்றேன், பாஷை வந்தப்பறம் வெளிய போலாம்னு காத்திருக்காதீங்க. கூட்டிட்டுப் போற ஆம்பளைங்களும் இதைப் படிங்க. உங்களுக்கு ஆபீஸ் இருக்குது, கூட வேலை செய்யறவங்க இருக்காங்க, கேண்டீன் இருக்குது. அவளுக்கு மொத ஆறு மாசம் நீங்க மட்டும் தான். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் குழந்தைங்களை நீங்க பாத்துட்டு அவளை மொழி வகுப்புக்கு அனுப்புங்க. முடிஞ்சா ஏப்ரல் மே மாசத்துல குடும்பத்தைக் கூட்டிட்டுப் போங்க, ஜூன்ல ரவைக்கு ஒம்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், குளிரு வர்றதுக்குள்ள நாலு முகம் பழகிரும். அக்டோபர்ல போனது எங்க தப்பு.

நவம்பர்ல மார்ட்டின் நோம்பின்னு ஒரு பண்டிகை வரும், குழந்தைங்க எல்லாம் காகித விளக்கு செஞ்சு எடுத்துட்டு இருட்டுல தெருவுல பாடிட்டுப் போவாங்க. நம்ம கார்த்திகை தீபமும் அதுக்கப்பறம் கொஞ்ச நாள்ல வந்துரும். இப்ப நாங்க சின்னவன் செஞ்ச விளக்கை கார்த்திகை வரைக்கும் ஜன்னல்ல வெச்சிருக்கோம்.

பாஷை எத்தனை நாள்ல வரும்?

எனக்கு கடைல பேச ஒரு வருசம், போன்ல பேச ரெண்டு வருசம். 600 மணி நேரம் பாஷையும் 100 மணி நேரம் அந்த ஊரு சட்டம் வரலாறும் சொல்லித்தர்ற இன்டக்ரேஷன் கோர்ஸ் இருக்குது, நா அதுல போயி பி1ங்கற நடு லெவல் பரீட்சை பாஸ் பண்ணேன். நீங்க இங்க இருந்தே ஏ1ங்கற ஆரம்ப லெவலை முடிச்சுட்டுப் போங்க. ப்ளூ கார்டுல (பெரிய படிப்பு படிச்சு வேலைக்குப் போறவங்களுக்குக் குடுக்கற அனுமதி) போறவங்க மனைவிக்கு விசாவுக்கு ஏ1 கேக்க மாட்டாங்க தான், அதை நம்பித்தான் நானும் படிக்காம போனேன், போயி பட்டேன்.

ரெண்டு எடத்துல கவனம். அவங்க 21ஐ ஒண்ணும் இருவதும்னு திருப்பிச் சொல்லுவாங்க, போன் நம்பர் எழுதறப்ப தப்பாயிரும். இன்னொண்ணு நேரம். நமக்கு மூணரைன்னா மூணு தாண்டி அரை மணி. அவங்க ஹால்ப் ட்ரைன்னு, அரை மூணுன்னு சொன்னா அது ரெண்டரை. சின்னவனுக்கு தடுப்பூசிக்கு ஹால்ப் ட்ரைன்னு சொன்னதை மூணரைன்னு நெனச்சுட்டுப் போயி நின்னேன், ஒரு மணி நேரம் லேட்டு, அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளி தான் கெடச்சுது. ஒண்ணு மட்டும் நமக்கு லேசு: நீ, நீங்க வித்தியாசம் அவங்களுக்கும் இருக்குது. எதிர்ல வர்றவங்களுக்கு மரியாதை வெச்சுப் பேசறது நமக்கு சொல்லித்தரவா வேணும்.

குழந்தைங்க பள்ளிக்கூடத்துல சிரமப்படுவாங்களா?

மொத ஆறு மாசம். பெரியவளை பாஷை தெரியாத குழந்தைங்களுக்குன்னு இருக்கற ஆயத்த வகுப்புல கொஞ்ச நாள் வெச்சிருந்தாங்க. தினமும் வந்து நா ஊமையாட்டம் உக்காந்திருக்கேன்மான்னு சொல்லுவா. ஏழாவது மாசம் ஒரு நாள் தூக்கத்துல ஜெர்மன்ல உளறுனா, அப்பறம் நிக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் கட்டாயம், ஊட்ல வெச்சு சொல்லித்தர சட்டம் விடாது. லீவு இல்லாத நாள்ல ஊருக்குக் கூட்டிட்டு வர்றதுன்னா அனுமதி வாங்கோணும், இல்லாட்டி அபராதம் வரும். அதனால தை நோம்பிக்கு இனி நாங்க வர முடியாது, பட்டிப் பொங்கலைப் போன்ல தான் பாக்கறோம். எங்க மாநிலத்துல பெரிய லீவு ஜூலைக் கடைசில தொடங்கி ஆறு வாரம், அதான் ஆடி மாசம் வர்றோம், பவானி கூடுதுறைல தலை முழுகிட்டு வந்தோம். நாலாவது முடிச்சதும் எந்தப் பள்ளிக்கூடம்னு பிரிச்சுருவாங்க, பத்து வயசுலயே. அது எனக்கு இன்னும் ஒப்பல. பெரியவளுக்கு அடுத்த வருசம் அந்த முடிவு.

பின்னொண்ணு நீச்சல். 25 மீட்டர் நீந்தி, தண்ணிக்குள்ள கெடக்கற சாமானைக் கையால எடுத்துட்டு வந்தா கடல்குதிரைன்னு ஒரு பேட்ஜ் குடுப்பாங்க. பெரியவ அந்த பேட்ஜை நீச்சல் துணில தெச்சு வெச்சிருக்கா. இந்த லீவுல எங்கண்ணன் அவளைத் தோட்டத்துக் கெணத்துல எறக்குனாரு, படில நின்னுட்டு அடில தரை எங்க இருக்குன்னு கேட்டா. தரை தெரியாத தண்ணிய அவ பாத்ததே இல்லை. நாலு நாள் ஆச்சு குதிக்க.

தமிழ் மறந்துருவாங்களா?

விட்டா மறந்துருவாங்க. சின்னவன் கிண்டர்கார்டன் போன ரெண்டே மாசத்துல நா தமிழ்ல கேட்டா ஜெர்மன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சான். எங்களுக்கு உதவுனது ரெண்டு. சனிக்கிழமை ஈழத் தமிழருங்க நடத்தற தமிழ்ப் பள்ளிக்கூடம். அடுத்தது எங்கம்மா. குளிருகாலத்துல நாலரை மணி நேரம், வெயில் காலத்துல மூணரை மணி நேரம் நம்மூரு முன்னாடி இருக்குது, அதனால அங்க மத்தியானம் மூணு மணிக்கு இங்க பொழுதோட ஆயிருக்கும், அம்மா மாடு கறந்துட்டு உக்காந்திருப்பாங்க. தினம் அந்த நேரம் போன். அம்மிச்சிக்கு ஜெர்மன் தெரியாது, அவன் பேசித்தான் ஆகோணும். கன்னுக்குட்டி என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்கறதுக்காகவே தமிழ் பேசுனான். நாங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள குழந்தைங்ககிட்ட ஜெர்மன் பேசறதில்லைன்னு வெச்சிருக்கோம், எங்க ஜெர்மன் தப்பும் தவறுமா இருக்கறதைக் கத்துக்க வேண்டாம்னு டீச்சரே சொன்னாங்க, ஊட்டுப் பாஷையை நல்லாப் பேசுங்க அது போதும்னு.

காச்சல்னா டாக்டர் ஊசி போட மாட்டாங்களாமே?

மாட்டாங்க. மூணு நாள் பொறுத்துப் பாருங்க, தண்ணி குடுங்க, ரெஸ்ட் எடுங்கம்பாங்க. ஈரோட்ல ஒரே நாள்ல ஊசி, டானிக், மாத்திரைன்னு வாங்கிப் பழகுனவங்களுக்கு ஆத்தரமா வரும், எனக்கும் வந்துச்சு. இப்ப அது சரின்னு தான் நெனைக்கறேன். குழந்தை டாக்டருங்க புதுசா ஆளு சேக்கறதில்லைன்னு சொல்லுவாங்க, போன ஒடனே தேட ஆரம்பிச்சுருங்க. அவசரம்னா 112, ராத்திரி லீவு நாள்ல அவ்வளவு அவசரமில்லாத காச்சல் வலிக்கு 116117. ரெண்டையும் பிரிட்ஜ் மேல எழுதி ஒட்டுங்க. அரசு இன்சூரன்ஸ்ல ஒருத்தரு சம்பளத்துல புடிச்சா வேலைக்குப் போகாத மனைவிக்கும் குழந்தைங்களுக்கும் சேத்தே வரும், தனியா கட்ட வேண்டாம்.

பக்கத்து ஊட்டுக்காரங்க பழகுவாங்களா?

பழகுவாங்க, நேரம் எடுக்கும். ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோகன்னு ஒரு பழக்கம், ஒரு வாரம் ஒரு ஊடுன்னு முறை வெச்சு மாடிப்படி, வாசல் எல்லாம் கூட்டித் தொடைக்கோணும். உங்க முறைன்னா கதவுல ஒரு அட்டை தொங்கும். மொத அட்டை வந்த அன்னைக்கு நா கீழ வரைக்கும் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன், நம்மூட்டு வாசல் மாதிரி. கீழ இருக்கற எழுவது வயசுப் பாட்டி வெளிய வந்து பாத்துட்டு ஒரு நிமிசம் நின்னாங்க, அப்பறம் கை குடுத்து பேரு கேட்டாங்க. அன்னைல இருந்து தான் பேச்சு. இப்ப நாங்க லீவுக்கு வந்தா எங்க கறிவேப்பிலைச் செடிக்கு அவங்க தான் தண்ணி ஊத்தறாங்க. வேலை செஞ்சு சொந்த ஊடு கட்டோணும், காசை வெட்டியா செலவு பண்ணக்கூடாதுங்கற ஆளுங்க தான் அந்தப் பக்கத்துக்காரங்க, நம்ம பக்கத்துக்கும் அதுக்கும் பெருசா தூரம் இல்லை. பருப்புக் கொழம்பு மாதிரி ஒண்ணு வெச்சு மாவுல புழிஞ்ச நூடுல்ஸ் கூட திங்கறாங்க, இடியாப்பம் மாதிரி இருக்கற எங்க சந்தகையை அந்தப் பாட்டிக்குக் குடுத்தேன், எப்படிப் புழியறதுன்னு வந்து பாத்துட்டுப் போனாங்க.

குப்பையை பேப்பர், பிளாஸ்டிக், காய்கறி, மிச்சம்னு பிரிக்கோணும். கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டில ஞாயித்துக்கிழமை போடக்கூடாது, சத்தம். ஒரு தடவை தூக்கிப் போடற தண்ணி பாட்டிலைக் கடைல திருப்பிக் குடுத்தா 25 சென்ட், சேத்து வெச்சு குழந்தைங்க எடுத்துட்டுப் போவாங்க. ஞாயித்துக்கிழமை கடை இல்லை, சனிக்கிழமையே வாங்கிருங்க.

நம்ம லைசென்ஸ்ல கார் ஓட்டலாமா?

ஆறு மாசம். அப்பறம் எழுத்துத் தேர்வு, ஓட்டற தேர்வு ரெண்டும் புதுசா பாஸ் பண்ணோணும், எழுத்துத் தேர்வு இங்கிலீஷ்ல எழுதலாம். போர்டு இல்லாத முக்குல வலது பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு தான் முதல் வழி, அது ரத்தத்துல ஏற நாளாகும்.

காசு மிச்சமாகுமா?

ரூபாயா மாத்திக் கணக்குப் போட்டா ஒரு தேங்காய் கூட வாங்க மாட்டீங்க. ஒருத்தரு சம்பளத்துல மொத ரெண்டு வருசம் பெருசா ஒண்ணும் நிக்கல. குழந்தைக்கு மாசாமாசம் அரசாங்கம் பணம் குடுக்குது, 2025ல அது 255 யூரோவா இருந்துச்சு. ஊட்டுக்கு ஒரு ரேடியோ டிவி கட்டணம் 18.36 யூரோ மாசாமாசம், டிவி இல்லைன்னாலும் கட்டோணும், அந்த லெட்டரை ஏமாத்துன்னு நெனச்சு கிழிச்சுராதீங்க. இப்ப நா ஒரு கிண்டர்கார்டன் சமையலறைல பாதி நாள் வேலைக்குப் போறேன், ஊர்ல பி.காம் படிச்சவ தான். எனக்கு அதுல வெக்கமில்லை, காலைல கெளம்பிப் போக ஒரு எடம் இருக்குது.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

180 நாள்ல 90 நாள் தங்கலாம், விசிட் விசா. உங்க பக்கம் இருந்து செலவுக்கு நான் பொறுப்புன்னு ஆபீஸ்ல ஒரு உறுதி பேப்பர் வாங்கி அனுப்போணும், 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் வேணும். எங்கம்மா ஒரு தடவை 40 நாள் வந்தாங்க. அப்பா வரல, மாட்டை யாரு பாப்பாங்கன்னு ஒரே பதில். கேட்டுட்டே இருக்கேன்.

ஊர்ல ஒரு கெட்டது நடந்தா எப்படி வருவீங்க?

இதைத் திண்ணைல யாரும் நேரா கேக்க மாட்டாங்க, ஆனா எல்லாரு மனசுலயும் இருக்குது.

2024 பிப்ரவரில எங்க ஆத்தா (பாட்டி) தவறிட்டாங்க. விடியக்காலைல போன். அன்னைக்கு சாயங்காலமே எடுத்துட்டாங்க, நம்ம பக்கம் வெச்சிருக்க மாட்டாங்களே. எவ்வளவு வேகமா கெளம்புனாலும் வந்து சேர ஒரு நாள் ஆயிரும். என் தம்பி போனைப் புடிச்சுட்டு நின்னான், நா சமையலறைல நின்னு பாத்தேன். கருமாதிக்கு வந்தேன், அதுவும் அப்ப நாங்க அங்க தங்கறதுக்கான அனுமதிக் கார்டு புதுப்பிக்க குடுத்திருந்துச்சு. அந்த மாதிரி சமயத்துல தற்காலிகமா ஒரு பேப்பர் தருவாங்க, அதுல ஒரு வகை வெச்சிருந்தா தான் வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வர முடியும், இன்னொரு வகைல வர முடியாது. வாங்கறப்பவே கேட்டுக்கோங்க. விசா முடியறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புதுப்பிக்கக் குடுங்க. டிக்கெட்டுக்குன்னு ஒரு தொகையைத் தொடாம தனியா வெச்சிருங்க, நாங்க இப்ப வெச்சிருக்கோம். பக்கத்துல யாருகிட்ட குழந்தைங்களை விட்டுட்டு வர்றதுன்னும் முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, எங்களுக்கு அந்தக் கடைக்கார அக்கா பாத்துக்கிட்டாங்க.

அங்கயே இருந்துருவீங்களா, திரும்பி வந்துருவீங்களா?

எங்கப்பா இதைக் கேக்கறதில்லை, தென்னைக்குச் சொட்டு நீர் போடட்டுமா வேண்டாமான்னு கேக்கறாரு, அதுவும் இதே கேள்வி தான். போடுங்கப்பான்னு சொல்லிருக்கேன். பெரியவ படிப்பு முடிவு அடுத்த வருசம், அதுக்கப்பறம் தான் யோசிக்கோணும். நிரந்தர அனுமதிக்கு எழுதிக் குடுத்திருக்கோம்.

செப்டம்பர் மொத வாரம் கெளம்பறோம். சென்னிமலை பெட்சீட் நாலு வாங்கி வெச்சிருக்கேன், ரெண்டு கீழ் ஊட்டுப் பாட்டிக்கு. பெருந்துறை அம்மிணி, நீ வந்து எறங்கி தபால் பெட்டில நாலு பேரு பேரையும் ஒட்டிட்டு எனக்கு ஒரு போன் போடு, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி எடுத்துட்டு வர்றேன், அன்னைக்கு நீ சமைக்க வேண்டாம்.